கடலுக்கென்று ஒரு காலண்டர்



பயண இதழ் தயாராகும் நாட்களில் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "மத்தியதரைக் கடலில் ஏதாவது ஒரு தீவுக்குப் போய், கடற்கரையில் ஒரு வாரம் சும்மா கிடக்க ஆசை. எந்த மாதம் போகலாம்?" கோயம்புத்தூரிலிருந்து எழுதுபவர் மே மாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு. லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்தோ பாரிஸ் லா ஷாப்பெல்லிலிருந்தோ எழுதுபவருக்கு ஆகஸ்டை விட்டால் வேறு மாதம் தெரியாது. அங்கே பள்ளிக்கூடம் மூடுவது அப்போதுதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் இறங்கி ஆசை தீரக் குளிப்பதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. மலையேற்றம், பூக்கள், பழைய ஊர்களில் கால் போன போக்கில் நடப்பது என்றால் மே மாதமும் ஜூன் முதல் பாதியும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் பள்ளி லீவுக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு. அவர்களுக்கும் சில வழிகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். இப்படிப் பிரித்ததற்கான காரணம் தெரிந்துவிட்டால், எந்தத் தீவு என்றாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் இந்தப் பக்கத்தைக் காரணத்துக்கே செலவிடப் போகிறேன். உதாரணத்துக்குக் கிரீட் தீவை எடுத்துக்கொள்வோம். கிரீஸ் நாட்டின் தீவுகளிலேயே பெரியது. கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். நடுவில் 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள், வடக்கே ஏஜியன் பக்கத்துக் கடல், தெற்கே லிபியக் கடல்.

ஜூன் 21-ஆம் தேதி வாக்கில் வட அரைக்கோளத்தில் சூரியன் உச்சத்தில் இருக்கிறது. கிரீட்டில் அன்று பகல் பதினான்கரை மணி நேரம். ஆனால் கடல் நீரின் வெப்பம் அப்போது 22, 23 டிகிரிதான். அது 26 டிகிரியை எட்டுவது ஆகஸ்டில். சூரியன் இறங்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகுதான் கடல் தன் உச்சத்துக்கு வருகிறது. கனமான தோசைக்கல் சூடேற நேரம் எடுக்கும், அடுப்பை அணைத்த பிறகும் ஒன்றிரண்டு தோசை வார்த்துவிடலாம் அல்லவா? அதுதான் இங்கேயும். தண்ணீரைச் சூடாக்க நிலத்தைவிட அதிக வெப்பம் வேண்டும். மேற்பரப்பில் விழும் வெப்பத்தை அலைகள் பல மீட்டர் ஆழம் வரை கலக்கிக் கொண்டுபோகின்றன. அப்படிக் கோடை முழுக்கச் சேர்த்த வெப்பத்தைக் கடல் ஒரே நாளில் செலவழித்துவிடாது. செப்டம்பர் கடைசியிலும் கிரீட் கடல் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். அக்டோபர் நடுவில் 23. நவம்பர் பிறந்த பிறகுதான் 20, 21-க்கு இறங்கும்.

இப்போது மே மாதத்துக்கு வாருங்கள். பகலில் காற்றின் வெப்பம் 24 டிகிரி. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஓட்டல்காரர்கள் போடும் படங்களில் கடல் நீலமாக மின்னும். ஆனால் மே நடுவில் அந்தக் கடல் 19, 20 டிகிரி. அதாவது நவம்பர் நடுவில் இருப்பதைவிடவும் ஒரு சொட்டுக் குளிர்ச்சி. சூரியனைப் பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஸ்வீடனிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தவர்கள் அதில் சந்தோஷமாகக் குதிப்பார்கள். நம்மவர்கள் முழங்கால் வரை இறங்கி, 'ஸ்ஸ்' என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தேடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெரினா கடலின் வெப்பம் 26 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். சென்னைக்காரரின் உடம்பு கடல் என்றால் வெதுவெதுப்பு என்றே பழகியிருக்கிறது. இணையத்தில் யாரோ ஓர் ஐரோப்பியர் "தண்ணீர் அருமை" என்று எழுதியிருந்தால், அவர் எந்த ஊர்க்காரர், எந்த மாதத்தில் போனார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஆனாலும் மே மாதத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிர்கால மழை குடித்த மண் அப்போதுதான் பூத்து முடிகிறது. சாலையோரமெல்லாம் கசகசாப் பூவின் சிவப்பும் காட்டுச் சாமந்தியின் மஞ்சளும். கிரீட்டின் மேற்கே வெள்ளை மலைகள் என்று அழைக்கப்படும் தொடரின் உச்சியில் இன்னும் பனித்திட்டுகள் தெரியும். கடற்கரையில் நின்றுகொண்டு பனியைப் பார்க்கலாம். அந்த மலைத் தொடருக்குள் இருக்கும் சமரியா பள்ளத்தாக்கை வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் திறப்பார்கள், அக்டோபர் இறுதியில் மூடுவார்கள். 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் தொடங்கி, பதினாறு கிலோமீட்டர் இறங்கி நடந்து, கடலோரம் உள்ள அகியா ருமேலி என்ற சிற்றூரில் முடியும் பாதை அது. ஓரிடத்தில் பாறைச் சுவர்கள் நெருங்கி, நடுவில் நாலு மீட்டர் இடைவெளி மட்டும் இருக்கும். தலைக்கு மேல் முந்நூறு மீட்டர் கல். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. நடந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு லிபியக் கடலில் காலை நனைத்தபடி மாலைப் படகுக்குக் காத்திருப்பார்கள். ஆறேழு மணி நேர நடைக்குப் பிறகு, அந்த 20 டிகிரித் தண்ணீர் அப்போது ஒரு வரமாகத்தான் இருக்கும். இதே நடையை ஆகஸ்டில் நடந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

சரி, ஜூலை ஆகஸ்டில் என்னதான் குறை? மழை இல்லை. இரண்டு மாதமும் சேர்த்து ஓரிரு மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். கடல் வெதுவெதுப்பு. இருட்ட நேரமாகும். குறை என்று பார்த்தால் மூன்று: காற்று, வெயில், கூட்டம்.

முதலில் காற்று. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நம் ஊரில் சொல்வோம். அதே ஆடி மாதத்தில் ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று வீசுகிறது. வானத்தில் ஒரு மேகம் இருக்காது. காலையில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும். பதினொரு மணிக்கு மேல் காற்று எழும்பும். மாலைவரை விடாது. சில சமயம் நாலைந்து நாள் இரவும் பகலும் சேர்த்து வீசும். கிரீட்டின் வடகரைச் சிற்றுண்டிச் சாலைகளில் மேசைமேல் விரிக்கும் காகித விரிப்பை நாலு பக்கமும் உலோகக் கிளிப் போட்டு இறுக்கி வைத்திருப்பார்கள். அழகுக்கு என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். ஜூலை மாத மதியம் ஒன்றில் அங்கே உட்கார்ந்தால் புரிந்துவிடும். கிளிப் மட்டும் இல்லையென்றால் தக்காளி சாலட்டோடு விரிப்பு பக்கத்து மேசைக்குப் போய்விடும். வெளியே மணல் கணுக்காலில் ஊசிபோல் குத்தும். கடற்கரைக் காவலர் சிவப்புக் கொடியை ஏற்றிவிடுவார். காற்று மிகுந்தால் தீவுகளுக்கிடையே ஓடும் அதிவேகப் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பத்து நாளில் நாலு தீவு என்று திட்டம் போட்டவர்கள் துறைமுகத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆடிக் காற்றையும் மெல்தெமியையும் சும்மா பொருத்தம் பார்த்துச் சேர்த்துச் சொல்லவில்லை. இரண்டும் உறவுக்காரர்கள். கோடையில் வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் வழியாகத் துருக்கி வரை நிலம் கொதித்து ஒரு நீண்ட காற்றழுத்தத் தாழ்வு உண்டாகிறது. நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருவதும் அந்தத் தாழ்வின் கிழக்குப் பகுதிதான். அதன் மேற்கு முனை துருக்கியில் நிற்கிறது. பால்கன் பக்கம் காற்றழுத்தம் அதிகம், துருக்கிப் பக்கம் குறைவு. இரண்டுக்கும் இடையே ஏஜியன் கடல் ஒரு சந்துபோல் இருக்க, வடக்கிலிருந்து காற்று அதற்குள் பாய்கிறது. இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் கொட்டும் பருவமழை மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால், அதற்கு மேற்கே கிழக்கு மத்தியதரைக் கடல் வரைக்கும் காற்று கீழ்நோக்கி அமுங்குகிறது. மேகம் உருவாக வழியில்லாமல் போகிறது என்று ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு வானிலை ஆய்வாளர்கள் 1996-இல் விளக்கினார்கள். மும்பையில் குடைக்குள் நனைந்துகொண்டிருக்கும் அதே மாதத்தில் கிரீட் வானம் அப்படி நீலமாக இருப்பதற்கு நம் மழைக்கும் பங்கு உண்டு.

இந்த உறவைப் பழைய மாலுமிகள் தங்கள் வழியில் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போகும் வழியைக் குறித்து வைத்திருக்கிறார். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து கோப்தோஸ் என்ற ஊர் வரை, கோடை வடகாற்று வீசும்போது நைல் நதியை எதிர்த்துப் பாய் விரித்து ஏறப் பன்னிரண்டு நாள். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகம். பிறகு அரபிக்கடல் பருவக்காற்றைப் பிடித்தால், ஓக்கேலிஸ் துறையிலிருந்து நாற்பது நாளில் முசிறி. நம் முசிறிக்கு மிளகு வாங்க வந்த யவனர்களை முதல் பாதி ஒரு காற்றும் மறுபாதி அதன் சொந்தக்காரக் காற்றும் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. அவர்களுக்கு ஜூலை நல்ல மாதம். குடைக்கு அடியில் புத்தகம் படிக்கப் போகும் நமக்கு அப்படியில்லை.

இரண்டாவது வெயில். 2021 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சிசிலித் தீவின் சிராகூசா பகுதியில் 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பிறகு ஏற்றுக்கொண்டது. வேலூரும் திருத்தணியும் பார்த்த நமக்கு 40 டிகிரி பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஆனால் நம் ஊரில் அந்த வெயிலில் நாம் வெளியே போவதில்லை. விடுமுறைக்குப் போனவர் பணம் கட்டிவிட்டோமே என்று உச்சி வெயிலில் இடிபாடுகளைச் சுற்றிப் பார்ப்பார். போதாததற்குக் காய்ந்த புதரும் மெல்தெமியும் சேர்ந்தால் காட்டுத் தீ. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவியபோது ஏறத்தாழ 19,000 பேரை ஓட்டல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் அப்புறப்படுத்தினார்கள். கடற்கரையிலிருந்து படகில் ஏற்றியவர்களும் அதில் உண்டு.

மூன்றாவது கூட்டம். ஆகஸ்ட் 15-ஆம் தேதி அன்னை மரியாளின் திருநாள். கிரீஸிலும் இத்தாலியிலும் மால்டாவிலும் சைப்ரஸிலும் அன்று விடுமுறை. இத்தாலியில் அதையொட்டி நகரங்களே காலியாகிக் கடலுக்குப் போய்விடும். வெளிநாட்டுக் கூட்டமும் உள்நாட்டுக் கூட்டமும் ஒன்றாகச் சேரும் வாரம் அது. அறை வாடகை, கார் வாடகை, விமானக் கட்டணம் எல்லாம் ஆண்டின் உச்சத்தில் நிற்கும். கிரீட்டின் எலஃபோனிசி கடற்கரையில் மணலுக்கு இளஞ்சிவப்பு நிறம், இடுப்பளவுத் தண்ணீரில் எதிரே உள்ள தீவுத் திட்டுக்கு நடந்தே போகலாம். ஆகஸ்ட் நண்பகலில் அங்கே போனால் மணலின் நிறத்தைப் பார்க்கத் துண்டுகளை விலக்க வேண்டும். மால்டாவை ஒட்டிய கொமினோ தீவின் நீலக் காயலுக்கு 2025-இல் முன்பதிவு முறையே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்பெயினின் மயோர்காவில் 2024 கோடையில் உள்ளூர் மக்கள் ஆயிரக்கணக்கில் பால்மா தெருக்களில் இறங்கி, சுற்றுலாவால் எங்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்று கோஷம் போட்டார்கள். விருந்தாளிகளின் எண்ணிக்கையை வீட்டுக்காரர் எண்ணத் தொடங்கியிருக்கும் காலம் இது. எல்லாரும் போகும் மாதத்தைத் தவிர்ப்பது நம் வசதிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

பள்ளி லீவுக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு வழி சொல்கிறேன் என்றேனே. ஆகஸ்டின் கடைசி வாரத்தைப் பிடியுங்கள். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் அதற்குள் திறந்துவிடும். இத்தாலியரும் கிரேக்கரும் வீடு திரும்பத் தொடங்குவார்கள். கிரீட்டில் வடகரையில் அலை அடிக்கும் நாளில் தென்கரைக்குப் போனால் கடல் பெரும்பாலும் அடங்கி இருக்கும், நடுவில் உள்ள மலை மறைப்பதால். ஆனால் மலை இறக்கத்தில் திடீர்க் காற்று வீசும் இடங்களும் அங்கே உண்டு, உள்ளூர்க்காரர்களைக் கேட்டுப் போங்கள். காலை ஏழரைக்கே கடலில் இருங்கள். பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பி, நம் ஊரில் செய்வதைப் போலவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அந்தத் தீவுக்காரர்கள் செய்வதும் அதைத்தான். இன்னொன்று, ஐரோப்பாவில் இருப்பவர்கள் மறந்துவிடும் லீவு ஒன்று அக்டோபரில் இருக்கிறது. இங்கிலாந்தில் மாதக் கடைசியில் ஒரு வாரம். பிரான்சில் அதே சமயத்தில் இரண்டு வாரம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பல மாநிலங்களில் இலையுதிர்கால லீவு அந்த மாதத்தில்தான் வருகிறது.

இனி எனக்குப் பிடித்த மாதத்துக்கு வருகிறேன். செப்டம்பர் நடுவில் மெல்தெமியின் வேகம் தணிகிறது. பகல் 26, 27 டிகிரி, தண்ணீரும் ஏறக்குறைய அதே அளவு. கடலிலிருந்து எழுந்து வெளியே வரும்போது உடம்பு சிலிர்ப்பதில்லை. அறுபது வயது தாண்டிய பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு, பல இடங்களில் ஓரடி அளவுதான். காலையில் பார்த்த கரை மாலையிலும் அதே இடத்தில் இருக்கும். காற்று ஓய்ந்த நாளில் சின்ன வளைகுடாக்களில் தண்ணீர் குளம்போல் நிற்கும். நீச்சல் தெரியாத அம்மா இடுப்பளவில் நின்றுகொண்டு தன் கால் விரல்களைக் குனிந்து பார்த்துப் பேசிக்கொண்டிருக்கலாம். அவ்வளவு தெளிவு. ஒரு மணி நேரம் ஆனாலும் அவர் கரையேற மாட்டார்.

கரையிலும் அது விளைச்சல் காலம். திராட்சை அறுவடை முடிகிறது. அத்திப்பழத்தின் கடைசிச் சுற்று. கிரீட்டில் சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே ஒரு தட்டுப் பழமும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ராக்கி என்ற மதுவும் மேசைக்கு வரும். பில்லில் சேராது. ஆகஸ்டில் அதை வைத்துவிட்டு ஓடும் பரிசாரகர், செப்டம்பர் கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்பார். ஏப்ரல் முதல் ஓய்வின்றி ஓடிய சீசன் முடியப் போகிறது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரியும். ஆமைகளுக்கும் இது முக்கியமான காலம். சைப்ரஸின் லாரா கடற்கரை, கிரீஸின் ஸாகிந்தோஸ், கிரீட்டின் ரெதிம்னோ கரை ஆகிய இடங்களில் கோடையில் இட்ட முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் கடலுக்கு ஓடுவது செப்டம்பரிலும் தொடரும். முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றிக் கூண்டு வைத்திருப்பார்கள். இரவில் அங்கே டார்ச் அடிக்காதீர்கள்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பர் நடுவில் தொடங்குவது புரட்டாசி. தீவுக்குப் போய் மீனைத் தொடாமல் வருவதா என்று வீட்டில் விவாதம் எழும். கவலை வேண்டாம். கிரீட் சமையலில் ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறிக்குத் தனி இடம் உண்டு. பெரிய வெள்ளை அவரைப் பருப்பைத் தக்காளியில் போட்டு அடுப்பில் வாட்டிய கிகாந்தெஸ், தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே சோறு அடைத்த யெமிஸ்தா, வாற்கோதுமை ரஸ்க்குமேல் துருவிய தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த டாகோஸ், எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை ஹோர்த்தா. யெமிஸ்தாவை மட்டும் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பச்சை மிளகாய் கிடைக்காது, ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

இலையுதிர்காலத்துக்கும் ஒரு முரட்டுப் பக்கம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கடல் சூடாகவே இருக்க, மேலே குளிர்ந்த காற்று வந்து சேர்ந்தால் புயல் மழைக்கு எரிபொருள் தயார். 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற புயல் கெஃபலோனியா, இத்தாக்கா, ஸாகிந்தோஸ் தீவுகளைப் புரட்டிப்போட்டது. 2018 அக்டோபர் 9-ஆம் தேதி மயோர்காவின் சான் லொரென்ஸ் ஊரில் சில மணி நேர மழையில் வெள்ளம் வந்து 13 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நாட்கள் சிலவே. ஆனால் வந்தால் கடுமையாக வரும். வறண்ட ஓடைப் படுகையில் காரை நிறுத்தாதீர்கள். எச்சரிக்கை வந்தால் கடலைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகாதீர்கள். வர்தா புயலைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் பிறந்தால் பகலும் குறுகும். மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் ஐந்தரைக்கெல்லாம் கிரீட்டில் இருட்டத் தொடங்கிவிடும்.

தீவுக்குத் தீவு கணக்கு மாறும். கிழக்கே போகப் போகவும் தெற்கே போகப் போகவும் கடல் நீண்ட நாள் சூடாக இருக்கும் என்று நினைவில் வையுங்கள். துருக்கிக்குத் தெற்கே இருக்கும் சைப்ரஸில் ஆகஸ்டில் தண்ணீர் 28 டிகிரி, அக்டோபர் நடுவில்கூட 24, 25. அதனால் அக்டோபர் கடைசி லீவு மட்டுமே கிடைப்பவர்களுக்குச் சைப்ரஸ்தான் என் சிபாரிசு. ஆனால் ஜூலையில் அங்கே உள்நாட்டு ஊரான நிகோசியாவில் 37 டிகிரி சாதாரணம். மால்டாவில் அக்டோபரில் கடல் 23, 24 டிகிரி இருக்கும். ஆனால் மழையும் அந்த மாதத்தில்தான் பிடிக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து புழுக்கத்தைக் கொண்டுவரும் தென்கிழக்குக் காற்று செப்டம்பரில் சில நாள் உடம்பைப் பிசுபிசுக்க வைக்கும். வடக்கே தள்ளியிருக்கும் மயோர்கா, சார்டீனியா இரண்டுக்கும் செப்டம்பர் முதல் மூன்று வாரம் பத்திரம். அக்டோபரில் அங்கே வாய்ப்பைப் பொறுத்தது. ஏஜியன் நடுவில் இருக்கும் மைக்கோனோஸ், நாக்ஸோஸ் தீவுகளுக்குக் காற்று அதிகம் என்பதால், ஆகஸ்டைவிட ஜூனும் செப்டம்பரும் பல மடங்கு நல்லது. மேற்கே கோர்ஃபு பக்கத்துத் தீவுகளில் மெல்தெமியின் உக்கிரம் குறைவு. ஆகஸ்டில் போயே தீர வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை கடற்கரை ஓட்டல்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். நேரடி விமானங்கள் குறைந்துவிடும். சின்னத் தீவுகளுக்குக் கப்பல் வாரத்துக்குச் சில நாள்தான். கடற்கரைக்காகப் போகிறவர்களுக்கு அந்த மாதங்கள் இல்லை.

குளிர்காலக் கரையில் பழுப்பு நாடாக்கள்போல் ஒரு செடி குவிந்து கிடக்கும், சில சமயம் அக்டோபரிலேயே. குப்பை என்று நினைத்து ஓட்டல்காரரோடு சண்டை போடாதீர்கள். போசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை அது. கடலடியில் அந்தப் புல்வெளி இருப்பதால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கரையில் குவிந்த இலை குளிர்கால அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் காக்கிறது. மயோர்கா, இபிசா அடங்கிய பலேரிக் தீவுகளில் இந்தப் புல்வெளிகளைப் பாதுகாக்க 2018-இல் தனி ஆணையே போட்டார்கள். படகுகள் அதன்மேல் நங்கூரம் பாய்ச்சக் கூடாது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. மே லீவில் போனால் கடல் குளிரும். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை, ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி எல்லாம் நெருங்கி வரும் ஆண்டில் ஒன்றிரண்டு நாள் சேர்த்துக்கொண்டால் ஒரு வாரம் தேறும். கடலின் காலண்டரும் நம் பள்ளியின் காலண்டரும் ஒத்துப்போகும் ஒரே இடம் அதுதான். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பருக்குப் போகிறவர் கோடைக்கால நெரிசலுக்கு முன் ஏப்ரலிலேயே விண்ணப்பத்தை முடித்துவிட்டால் நேரம் கிடைப்பது எளிது. முதலில் பள்ளி லீவுத் தேதி, அடுத்து கடலின் வெப்பம், அதன் பிறகு தீவு. இந்த வரிசையில் யோசியுங்கள். பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்துத் தீவை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற இரண்டையும் அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன அத்தனை சங்கடங்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஏற்கெனவே போய் வந்தவர்கள் எழுதுங்கள். எந்தத் தீவு, எந்த வாரம், தண்ணீர் எப்படி, வீட்டில் யார் யார் கடலில் இறங்கினார்கள், யார் துண்டோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்று நாலு வரி போதும். ஓட்டல்காரர் சொல்லும் வெப்பநிலையைவிட உங்கள் பாட்டி சொல்லும் வெப்பநிலையை நம் வாசகர்கள் நம்புவார்கள். வரும் கடிதங்களை மாதவாரியாக அடுக்கி அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்